சகனின் நாலாவது பக்கம்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, ரயிலும் வராத, ரோடும் வராத காலம். நம்ம இந்தக் கரையூர்ல மொகுதூம் மரைக்காயர்னு ஒருத்தர் இருந்தாராம். பாய்மரக் கப்பல்ல சரக்கு ஏத்துற குடும்பம். அந்த மனுசனுக்கு ஒரே பித்து, சீனத்துப் பீங்கான். சாடி, கிண்ணம், தட்டு, எது கிடைச்சாலும் விடமாட்டாரு. நகத்தால சுண்டுவாரு, காதுல வச்சுக் கேப்பாரு. வெயிலுக்கு நேராத் தூக்கிப் பிடிச்சு, அந்தப் பக்கம் விரல் நிழல் தெரியுதான்னு பாப்பாரு. தெரிஞ்சா அன்னைக்கு அவருக்குப் பெருநாள்தான். செம்புக் கம்பி கட்டிச் சுவர் பூராத் தொங்கவிட்டுருவாரு. ஒரு பருக்கை சோறு அதுல படக்கூடாது. வீடு நிறையப் பீங்கான், பொஞ்சாதி சாரம்மா தின்னது மண்சட்டியில. கேளுங்க இந்த அநியாயத்தை!

சாரம்மாவுக்கு ஒரே தம்பி, நெய்னான்னு பேரு. சங்கு குளிக்கிற பய. உம்மா வாப்பா மவுத்தானப்புறம் அவதான் அவனை வளத்தா. அவனுக்கு ஒண்ணுன்னா இவளுக்கு உசிரே போயிரும். அந்தப் பயலை மச்சான் எங்கே அனுப்புனாருங்கிறீங்க? என்னைக்கோ கடலடிக் கல்லுப்பாருல மோதி முங்கிப்போன ஒரு கப்பலுக்குள்ள, பீங்கான் எடுக்க.

ஒருநாள் பய பெரிய சகன் ஒண்ணைக் கொண்டாந்தானாம். சகன்தான், நாலு பேரு சுத்தி உக்காந்து ஒண்ணாத் திங்கிற தட்டு. வெள்ளைவெளேர்னு இருக்கு, நடுவுல நீல மீன். ஒரு கீறல் இல்லை. ஆனா பய மூஞ்சி சரியில்லை.

“மச்சான், இது வேணாம். இதைச் சுத்தி மூணு பக்கம் எலும்பு கிடந்துச்சு. திங்க உக்காந்த இடத்துலயே முங்கிருக்காங்க.”

“நாலாவது பக்கம்?”

“காலி. அங்கிட்டு உக்காந்துதான் இதை எடுத்தேன்.”

“போடா கிறுக்கா!”ன்னு சிரிச்சுட்டு, மரைக்காயர் சகனைச் சுவர் நடுவுல மாட்டுனாராம்.

மறுநாள் உச்சிப்பொழுது. தெரு வெறிச்சோடிக் கிடக்கு. சாரம்மா கூடத்துக்கு வாரா, தரையில ஈரக் காலடி. மூணு பேரு நடந்த காலடி. வாசல்ல இருந்து வந்து, சகனுக்குக் கீழ வந்து நிக்குது. திரும்பிப் போன தடம் இல்லை. துடைச்சா. அடுத்த நாள் உச்சிக்கும் அதே ஈரம், அதே காலடி. துடைச்சா. அதுக்கடுத்த நாளும் வந்துச்சாம்.

அதை விடுங்க. நெய்னாவுக்குப் பசி அடங்கலை. சட்டி சட்டியாத் தின்னான், பசி அடங்கலை. குழம்புச் சட்டியை வழிச்சு நக்குனான், பசி அடங்கலை. தின்னத் தின்ன மெலிஞ்சான். “லாத்தா, வயித்துக்குள்ள கடல் இரையுது லாத்தா”ன்னு அக்காகிட்ட அழுவானாம்.

சாரம்மாவுக்கு விளங்கிருச்சு. “ஏங்க, பாதிச் சோத்துல போனவங்க அவங்க. எந்தம்பி அவங்க சகன்ல உக்காந்துட்டான். அவங்க பசியாறாம இவன் பசியாற மாட்டான். சகனை இறக்குங்க, சோறு போடுவோம்.”

“மஞ்சக் கறை பிடிச்சா போகாது சாரம்மா!”

“எந்தம்பி போனா வருவானா?”

மனுசன் சகன் விளிம்பைத் துண்டால துடைச்சுட்டுப் போயிட்டாராம்.

அவரு மத்தியான லுஹர் தொழப் பள்ளிக்குப் போன நேரம் பாத்தா சாரம்மா. தானே சகனை இறக்குனா. பாய் விரிச்சா. நெய்ச்சோறும் கறியும் குவிச்சா. நெய்னாவை நாலாவது பக்கம் உக்கார வச்சுட்டு, கதவோரம் நின்னு சொன்னாளாம்: “எந்த ஊரோ, என்ன பாஷையோ, எனக்குத் தெரியாது. பிள்ளையை விட்டுருங்க. பசியாறுங்க.”

சோறு அசைஞ்சுது. மூணு பக்கமும் குழி விழுந்துச்சு. கை தெரியலை, குழிதான் தெரிஞ்சுது. நெய்னா தின்னான். தின்னு ஏப்பம் விட்டான்.

அந்நேரம் பாத்து மரைக்காயர் உள்ள வாராரு. நீல மீன் மேல மஞ்சக் குழம்பு! வேற எதுவும் அவரு கண்ணுக்குத் தெரியலை. “அடிப்பாவி!”ன்னு கத்திக்கிட்டு, நெய்னாவைத் தள்ளிட்டு அந்த இடத்துலயே குத்தவச்சு, சகன் விளிம்பை ரெண்டு கையாலயும் பிடிச்சாரு. அந்தப் பக்கம் மூணு பேரும் பிடிச்சாங்க.

சகன் தரையை விட்டு எந்திரிச்சுது. அவரும் எந்திரிச்சாரு.

“விடுங்க! அதை விட்டுட்டு வாங்க!”ன்னு சாரம்மா சட்டையைப் பிடிச்சு இழுக்குறா.

“இழுக்காதே, உடைஞ்சுரும்!”

அதுதான் அவரு கடைசிப் பேச்சு. நட்ட நடு வெயில்ல, ஊரே வாசல்ல நின்னு பாக்க, சகனை ஏந்திக்கிட்டுக் கடலுக்குள்ள நடந்தாராம். ஒரு பருக்கை சிந்தலை. பக்கத்துல மணல்ல மூணு பேரு காலடி. கையை எடுக்க முடியலையா, எடுக்க மனசு வரலையா, அது அல்லாவுக்குத்தான் தெரியும்.

“லாத்தா, வயிறு நிறைஞ்சுருச்சு”ன்னான் நெய்னா. அவனைக் கட்டிக்கிட்டு அழுதா சாரம்மா. தம்பிக்காகவும் அழுதா, அந்தப் பித்துப்பிடிச்ச மனுசனுக்காகவும் அழுதா. அவருன்னா அவளுக்குப் பிரியம்தான்.

அப்புறம் சுவர்ல இருந்த அத்தனை பீங்கானையும் இறக்கி வீட்டுக்கு ஒண்ணாக் குடுத்தாளாம். “தொங்கவிடாதீங்க, சோறு போடுங்க.” அதனாலதான் எங்க ஊர்ல எந்த வீட்டுச் சுவர்லயும் தட்டு தொங்காது. அதனாலதான் விருந்துன்னா சகனுக்கு மூணு பேரு உக்காருவோம், நாலாவது பக்கம் ஒரு கை சோத்தை ஒதுக்கிருவோம்.

மாப்பிள்ளை வீட்டுக்காரரே, கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளி உக்காருங்க. அது மரைக்காயர் பக்கம். குழம்பைத் தாராளமா ஊத்துங்க, கறையைப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்லமாட்டாரு. ம், பிஸ்மி சொல்லிக் கையை வைங்க.