சந்தன மேசை

— பத்திரிகைய வாங்கிக்கிறேன் அண்ணே. இசைப்பிரியா கல்யாணத்துக்கும் வர்றேன். ஆனா ஒண்ணு கேப்பேன். மண்டபத்துக்குப் பின்னால பார்ட்டி உண்டா?

— அத வுடு ஆதி. நல்ல காரியம் சொல்ல வந்த எடத்துல அது எதுக்கு?

— உண்டு ஆதி. நல்லா கேளு.

— பொன்னு, நீ சும்மா இரு.

— இத்தன வருசமா சும்மாதாங்க இருந்தேன்.

— அண்ணி, எதுக்குப் பைய மடியிலயே வச்சிக்கினு இருக்கீங்க? கீழ வைங்க.

— இருக்கட்டும் ஆதி. ஒண்ணும் கனமில்ல.

— இதப் பாரும்மா. மைன்ஸ்ல நம்ம ஷிப்ட்டு ஆளுங்க அத்தன பேரும் ரிசப்ஷனுக்கு வருவாங்க. ஊத்தலன்னா, நான் ரிட்டயர் ஆவுற வரைக்கும் கிண்டல் பண்ணியே கொன்னுடுவானுங்க.

— மணிமொழி கல்யாணத்துலயும் அங்கதான் ஊத்தினீங்க.

— ஊத்தினேன். மூத்த பொண்ணு கல்யாணம், சந்தோசமா ஊத்தினேன்.

— எங்க வூட்டுக்காரர் பொறப்படும்போது நீங்கதான் தாம்பூலப் பைய வண்டி ஹேண்டில்ல மாட்டி வுட்டீங்களாம். கூட நின்ன தனகோட்டி அண்ணன் சொன்னாரு.

— மாட்டினேன். பாத்துப் போ மாப்ளன்னு சொன்னேன். காலைல முதல் ஷிப்ட்டு, போயே ஆவணும்னு நின்னான். வடக்குத்துகிட்ட வெளக்கு இல்லாம லாரி நிக்கிறது எனக்குத் தெரியுமா ஆதி?

— லாரி தெரியாது. அவரு எவ்வளவு குடிச்சிருந்தாருன்னு தெரியும். மறுநாள் போலீஸ் அந்தப் பைய எங்கிட்ட குடுத்தாங்க. உள்ள தேங்கா உடையல அண்ணே. அத வச்சிக்கினு என்ன பண்றதுன்னு தெரியாம ரொம்ப நாள் வச்சிருந்தேன்.

— வந்தவன்கிட்டப் போயி, நீ குடிச்சிருக்க, வண்டி எடுக்காதன்னு எப்பிடிம்மா சொல்றது? அழைச்சி அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும். கோவிச்சிக்கினு போயிடுவான்.

— உங்க மேல கோவிச்சிக்கினு இன்னிக்கும் உசுரோட இருந்திருப்பாரு. நீங்க மரியாதயா அனுப்பி வச்சிட்டீங்க.

— இன்னா பண்ணச் சொல்ற? பார்ட்டிய நிறுத்தினா, கடையில குடிச்சிட்டுத்தான் மண்டபத்துக்கே வருவானுங்க.

— நிறுத்தச் சொல்லல. உள்ள வரும்போதே வண்டிச் சாவிய வாங்கி வச்சிடுங்க. குடிக்கிறவன், குடிக்காதவன்னு பாக்க வேணாம், எல்லார்கிட்டயும். அப்ப யாருக்கும் அவமானம் இல்ல. போகும்போது நிதானமா இருக்கிறவங்களுக்குத் தாம்பூலப் பையோட சாவி. மத்தவங்களுக்குப் பை மட்டும்.

— மத்தவன் நடந்து போவானா?

— மாப்பிள்ள வூட்டாரை ஏத்திக்கினு வர்ற வேன், விடியிற வரைக்கும் மண்டபத்துல சும்மாதான நிக்கும்?

— நிக்கும். அது சரிதான். ஆனா எவன் சாவி குடுப்பான்? நான் ஸ்டெடிம்பான். குவார்ட்டர்ஸுக்குக் கண்ண மூடிக்கினு போவேன்ம்பான்.

— கண்ண மூடிக்கினுதான் போறானுங்க.

— நீ வேற, பொன்னு. நான் கேட்டா கிண்டல் பண்ணுவான், மச்சினன் கேட்டா சண்டைக்கு வருவான்.

— ஆதி கேட்டா?

— இன்னா?

— ஆதி கேட்டா எவன் குடுக்க மாட்டான்? எல்லாம் இவ வூட்டுக்காரர் மருதமுத்துகூட ஷிப்ட்டு பாத்தவனுங்கதான. இவ வாசல்ல சந்தன மேசைகிட்ட நிக்கட்டும். சந்தனத்துக்குக் கை நீட்டாம எவனும் உள்ள போவ மாட்டான். நீட்டுற கையில சாவி இருக்கட்டும்.

— அண்ணி, வெளயாடாதீங்க. அவரு போனதுக்கப்பறம் எந்தக் கல்யாணத்துலயும் தாலி கட்டுறதுக்கு முன்னாடி நான் உள்ள போனதில்ல. சந்தனம் குங்குமத்துகிட்ட நான் நிக்கிறதா? சமையக்கட்டுப் பக்கமா ஒரு ஓரத்துல இருந்து வாங்கறேன்.

— சமையக்கட்டுப் பக்கமா பூனைதான் வரும். அதுகிட்ட ஏது சாவி?

— சிரிக்காதீங்க. மாப்பிள்ள வூட்டுல பேசுவாங்க. இசைப்பிரியா தலையிலதான் வுழும்.

— சம்பந்தியம்மாகிட்டக் கேட்டாச்சி. சந்தனம் குடுக்க உன்ன நிறுத்தப் போறேன்னு சொன்னேன், மருதமுத்து போன கதயையும் சொன்னேன். அந்தம்மா, எங்க தெருவுலயும் ஒருத்தர் இப்பிடித்தான் போனாருன்னாங்க. நிக்கட்டும்னாங்க.

— எப்ப கேட்ட? எங்கிட்டச் சொல்லவே இல்லயே.

— போன வாரம். சொன்னா அத வுடுன்னு சொல்வீங்க.

— சாவி வெசயத்த இவ இப்பதான பொன்னு சொல்றா?

— சாவி எனக்கும் இப்பதாங்க தெரியும். இவ ஓரத்துல நிக்கிறத என்னால இன்னொரு கல்யாணத்துல பாக்க முடியாது. அவ்வளவுதான். இந்தா ஆதி, பையப் பிரி.

— என்ன அண்ணி இது? மணிமொழி கல்யாணத்துல வச்ச சந்தனக் கிண்ணமா?

— அதேதான். தேய்ச்சிக் கொண்டாந்தேன். பத்திரிகை வைக்கிறது அவரு வந்த வேல. எனக்கு இதுதான் வேல.

— ஆதி, ஏதாவது சொல்லும்மா.

— வுடுங்க, அழுதுட்டுச் சொல்லட்டும்.

— அழுவல அண்ணி. கிண்ணம் பத்தாது. சாவி போட ஒரு பெரிய தாம்பாளம் வேணும்.

— நானே தர்றேம்மா.

— அண்ணே, மொதல் சந்தனம் உங்களுக்குத்தான். சாவிய எடுத்துக்கினு வாங்க.