ஹொன்னகெரேக்கு வராத மாத்திரை

எங்கள் வீட்டில் பச்சைக் காய் சாப்பிடுவதில்லை, மேடம். வெள்ளரிக்காயைக்கூட என் மனைவி வதக்கித்தான் போடுவாள். விருந்துக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். இருபத்திரண்டு வருஷம் கிருமிகளோடு உட்கார்ந்திருந்தவனுக்கு இந்த ஒரு கிறுக்காவது இருக்கக் கூடாதா என்று நானும் கூடச் சிரித்துவிடுவேன்.

நீங்கள் இந்தத் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் குழந்தை டாக்டராக மாற்றலாகி வந்து பத்து நாள் இருக்குமா? அதற்குள் என் பழைய கடிதத்தைத் தேடிப் பிடித்து, அதை வாபஸ் வாங்க இன்னொரு கடிதத்தையும் நீங்களே எழுதிக்கொண்டு என் ஆய்வகத்துக்கு வந்துவிட்டீர்கள். காப்பியும் வேண்டாம் என்கிறீர்கள். சரி. ஹொன்னகெரே கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பிப்ரவரியில் குடற்புழு மாத்திரை கொடுக்க வேண்டாம் என்று எழுதியவன் நான்தான். கையெழுத்து என்னுடையது. ஏன் என்று கேட்டீர்கள். உட்காருங்கள், சொல்கிறேன்.

நகரத்துச் சாக்கடையைச் சுத்தம் செய்தால் தண்ணீர் ஒரு பக்கம் போகும், கசடு ஒரு பக்கம் தங்கும். அந்தக் கசடைக் காயவைத்து விவசாயிகளுக்கு இலவச எருவாகக் கொடுப்பதுதான் எங்கள் திட்டம். கமிட்டித் தலைவர் டாக்டர் நஞ்சுண்டாராத்யர். எதில் டாக்டர் என்று கேட்டவர்கள் கமிட்டியில் நீடித்ததில்லை. அவர் முன்னால் மலம் என்ற சொல்லை யாரும் உச்சரிக்க மாட்டோம், 'வளப்பொருள்' என்போம். மூட்டைக்கு 'நகராம்ருதம்' என்று அவரே பெயர் வைத்தார். மூட்டையின் மேல் ஒரு பசுவின் படம். பசுவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பசுவுக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் வழக்குப் போட்டிருக்கும்.

இது வயலுக்குப் போனால் எத்தனை பேருக்கு நோய் வரும் என்று கணக்கிட்டுச் சொல்வது என் வேலை. கணக்கின் முதல் பாதியை நுண்ணோக்கியில் பார்க்கலாம்: ஒரு பிடி கசடில் எத்தனை புழு முட்டை, அதில் எத்தனை உயிரோடு. மறு பாதி அனுமானம்: யார் கையில் ஒட்டும், யார் வாய்க்குப் போகும்.

கசடை ஒரு வருஷம் காயப்போட வேண்டும் என்பது விதி. களத்தில் இடமில்லை என்று இருபத்தோரு நாளில் அள்ளிவிட்டார்கள். நான் முதல் கண்ணாடித் துண்டை வைத்துப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில், சொரசொரவென்று, வரிசையாகக் கிடந்தன. ஒரு முட்டைக்குள் சுருண்டிருந்த ஒன்று மெல்லப் புரண்டு படுத்தது. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கம் வராது என்று எனக்குத் தெரியும். இருந்தும் அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

ஆராத்யர் போன் செய்தார்.

"என்னய்யா, உன் ரிப்போர்ட் பயமுறுத்துதாமே?"

"இருக்கறதைத்தான் சார் எழுதினேன்."

"இருக்கறதை யாருய்யா கேட்டா? தொடக்க விழாவுக்கு டிசம்பர் பன்னெண்டுன்னு மந்திரி தேதி குடுத்தாச்சு. ஷாமியானாக்காரன் குழி தோண்டிட்டான். உன் புழுவுக்காக மந்திரியைத் தள்ளிப்போடச் சொல்றியா? போய்ச் சொல்லு பாப்போம்."

நான் எண்ணைத் தொடவில்லை, மேடம். என் வாழ்நாளில் ஓர் எண்ணைக்கூடத் திருத்தியதில்லை. அனுமானங்களில் மூன்று வரி சேர்த்தேன், அவ்வளவுதான். விவசாயிகள் கையுறையும் முழங்கால் வரை பூட்ஸும் அணிவார்கள். காய்கறி வேகவைத்தே உண்ணப்படும். சிறு குழந்தைகள் வயலுக்கு வரமாட்டார்கள். மூன்றாவது வரி முடிந்ததும் ஆபத்து இலட்சத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. டிசம்பர் பன்னிரண்டாம் தேதி எனக்கும் ஒரு மைசூர் பேட்டாத் தலைப்பாகை வைத்து, சந்தன மாலை போட்டார்கள். பேட்டா ஆராத்யர் தலைக்கு வாங்கியது போலிருக்கிறது. என் காதுவரை இறங்கிவிட்டது. அவர் பேசியது எதுவும் சரியாகக் கேட்கவில்லை.

ஜனவரியில் ஹொன்னகெரேக்குப் போய்ப் பார்த்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. கெம்பம்மா என்று ஒருத்தி கொத்தமல்லிப் பாத்திக்கு நகராம்ருதத்தை வெறுங்கையால் வாரி இறைத்துக்கொண்டிருந்தாள்.

"கையுறை போட்டுக்கலையாம்மா?"

"கையுறையா? கல்யாணத்துக்கே நாலு கண்ணாடி வளையலோட போனவ நான், ஸ்வாமி. எருவு அள்ளறதுக்கு அலங்காரம் பண்ணிக்கணுமா?" பிறகு மூட்டையைக் காட்டினாள். "மாட்டுப் படம் போட்டிருக்கீங்களே, இது மாட்டுச் சாணிதானே? வாசனை வேற மாதிரி இருக்கு."

"இது வளப்பொருள்."

"அது எந்த ஊர் மாடு?"

பக்கத்துப் பாத்திக்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் மகள் ஸ்பூர்த்திக்கு மூன்று வயது. சிரிப்பு எதற்கென்று தெரியாமல் அவளும் சிரித்தாள். பாத்தியிலிருந்து ஒரு முள்ளங்கியைப் பிடுங்கி, பாவாடையில் இரண்டு தேய் தேய்த்து, கடித்தாள். அந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளும் வயலில்தான் இருந்தார்கள். தாய்மார் வயலில் இருக்கும்போது அவர்கள் வேறெங்கே இருப்பார்கள்? இதை நான் யோசித்திருக்க வேண்டும் என்பீர்கள். யோசித்ததனால்தான் அந்த வரியை எழுதினேன்.

திரும்பி வந்து, மூன்று வரியையும் எடுத்துவிட்டு இன்னொரு கணக்குப் போட்டேன். ஹொன்னகெரேயில் பத்து வயதுக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். பெரும்பாலோர் வயிற்றில் புழு வரும். ஒன்பது பேர் ஆஸ்பத்திரி வரை போவார்கள். அவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பமாட்டார்கள் என்ற கடைசி வரியிலும் ஓர் எண் வந்தது. தாளை மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

இப்போது என்னிடம் இரண்டு கணக்கு இருந்தது. இரண்டும் நான் போட்டவை. இருபத்திரண்டு வருஷத்தில் நான் எழுதிய எந்தக் கணக்கையும் ஒருவரும் வயலில் இறங்கிச் சரிபார்த்ததில்லை. அச்சடிப்பார்கள், பைண்டு பண்ணுவார்கள், பேட்டா வைப்பார்கள். ஒரு தடவையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா? அதற்குள் பிப்ரவரி பத்தாம் தேதி வந்துவிட்டது. அன்று அங்கன்வாடியிலும் பள்ளியிலும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு மாத்திரை. கொடுத்தால் வயிறு சுத்தமாகிவிடும். எது சரி என்று பிறகு யாருக்கும் தெரியாது.

அதனால் அந்தக் கடிதம். 'ஹொன்னகெரேயில் ஆய்வு நடைபெறுவதால் மாத்திரை விநியோகத்தை மறு அறிவிப்பு வரும்வரை ஒத்திவைக்கவும்.' ஏன் என்று ஒருவர் கேட்டிருந்தால் கிழித்துப்போட்டிருப்பேன். சுகாதார அலுவலகத்தில் முத்திரை குத்தி, நகல் மூன்று எடுத்து, பணிவுடன் பெற்றுக்கொண்டார்கள்.

பிறகு ராமநவமி. அன்று ஊரே பானகமும் கோசம்பரியும் கலக்கும் நாள். நகராம்ருதத்தில் விளைந்த வெள்ளரி, கேரட், கொத்தமல்லி போட்டுக் கோசம்பரி செய்து, கமிட்டி முழுவதும் ஜனங்கள் முன்னால் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பது ஆராத்யரின் யோசனை. எல்லாம் பச்சையாக. அவர் மூன்று தொன்னை வாங்கி ஒழித்தார். காமிரா திரும்பும்போதெல்லாம் ஒரு வாய். என் ரிப்போர்ட்டை முழுக்க நம்பிய ஒரே மனிதர் அவர்தான்.

என் கையிலும் ஒரு தொன்னை வந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாய் போட்டேன். மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. முட்டையிலிருந்து வெளிவருவது குடலைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஊர்ந்து வந்து, மறுபடி விழுங்கப்பட்டுத்தான் வளர்கிறது. உங்களுக்கு இது பாடம். எனக்கு அந்த நிமிஷம் அது என் தொண்டை. கோயிலின் பின்பக்கம் போய், சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தேன். அதே மாத்திரைதான். முட்டையை அது ஒன்றும் செய்யாது, வளர்ந்த புழுவைத்தான் கொல்லும் என்பது எனக்குத் தெரியும். என் பயத்துக்குத் தெரியவில்லை. தண்ணீர்கூட இல்லாமல் கடித்து விழுங்கினேன்.

நிமிர்ந்தால் எதிரே கெம்பம்மா. இடுப்பில் ஸ்பூர்த்தி. கை கால் குச்சியாக, வயிறு மட்டும் பானையாக.

"அது என்ன மாத்திரை, ஸ்வாமி?"

"பிரஷர் மாத்திரைம்மா."

"இவளுக்கு நாலு நாளா வயித்து நோவு. எது குடுத்தாலும் கக்கறா. பக்கத்து ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பூச்சி மாத்திரை குடுத்துட்டாங்களாம், எங்க ஊரை மட்டும் விட்டுட்டாங்க. கேட்டா, உங்க ஊர்ல பெரிய ஆராய்ச்சி நடக்குது, பெருமைப்படுங்கன்றாங்க. பெருமையைக் கரைச்சா ஊத்தறது? உங்ககிட்ட இருந்தா ஒண்ணு குடுங்க, புண்ணியமாப் போகும்."

"இது குழந்தைக்கு ஆகாதும்மா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

குழந்தை அட்டையையே பார்த்தாள். அதில் இன்னும் ஒரு மாத்திரை இருந்தது, பளபளவென்று. நான் பையில் போட்டுக்கொண்டேன். வயிறு அடைத்த பிறகு மாத்திரை கொடுத்தால் ஆபத்து கூடும் என்று புத்தகங்களில் இருக்கிறது, நீங்களும் படித்திருப்பீர்கள். அன்று எனக்கு அது ஞாபகம் வந்ததா என்று கேட்காதீர்கள். அதற்கு ஐந்தாம் நாள் அவளை உங்களிடம் கொண்டுவந்தார்கள். பந்தாகத் திரண்டு அடைத்திருந்ததை வெளியே எடுத்து, நூற்றுப்பதினெட்டு என்று எண்ணி எழுதியவர் நீங்கள். எண்ணியதற்கு நன்றி. பலரும் எண்ண மாட்டார்கள்.

நான் தூங்கிப் பல நாளாகிறது. காலையில் இருமினால் கைக்குட்டையை விரித்துப் பார்க்கிறேன். ஆனால் இவ்வளவையும் பயத்தினால் சொல்லவில்லை. நீங்கள் படித்தவர், புரிந்துகொள்வீர்கள் என்றுதான் சொன்னேன். மாத்திரை ஸ்டோரில் தயாராக இருக்கிறது, என் கையெழுத்து வந்தால் நாளைக்கே கொடுத்துவிடலாம் என்கிறீர்கள். போடுகிறேன். நான் என்ன அரக்கனா? தேதியை மட்டும் ஜூலை என்று மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குள் பிள்ளைகளின் இரண்டாவது மல மாதிரியும் எடுத்து முடித்துவிடுவேன். பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்?

பீரோவில் இருக்கும் தாளைக் காட்டுகிறேன், பாருங்கள். கடைசி வரியில் இரண்டு என்று இருக்கும். ஒன்றுதான் ஆகியிருக்கிறது. மிச்சம் ஒன்றே ஒன்று, மேடம். அதற்காக ஊரையே பயமுறுத்த வேண்டுமா?