ட்ரையரில் போட்ட சட்டை

“ஹலோ… அர்ஃபானா? வ அலைக்கும் ஸலாம். என்னடா ஆச்சு, ஜெயிச்சாளா? காலையிலயே தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் கறி வாங்கியாந்து மசாலாகூடத் தடவி வெச்சிட்டேன்…”

சம்சுன்னிசா மகளின் ஜூடோ போட்டியை ஒரு நாளும் நேரில் பார்த்தவள் இல்லை. பெற்ற பிள்ளையை யாரோ தூக்கித் தரையில் அடிப்பதை டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்களா என்பது அவள் கட்சி. உலகத்து வீரர்களெல்லாம் ஆணும் பெண்ணுமாகச் சிங்கப்பூருக்கே வந்து இறங்கியிருந்தபோதும், அவள் சுவா சூ காங் வீட்டுச் சமையலறையில் ஃபோனும் கையுமாகத்தான் இருந்தாள். மகள் தமன்னாவுக்குப் பயிற்சியாளனாக மூத்தவன் அர்ஃபான் போயிருந்தான்.

“…தோத்துட்டாளா? முதல் ரவுண்டுலயேவா? …ம். …ம். எந்த ஊர்க்காரி? …போன வருஷம் இவ ஜெயிச்ச அதே பொண்ணா? அதெப்படிடா?”

“…என்ன செக்கிங்? …ஆமா, ஆமா, மேடை ஏறுறதுக்கு முன்ன சட்டையை அளப்பாங்க, சொல்லியிருக்க. …கை குட்டையா இருந்துச்சா? …வெள்ளைச் சட்டை சரியில்லன்னா நீலத்தைப் போட வேண்டியதுதானே? …அதுவுமா?”

அடுப்பை அணைத்தாள். முந்தாநாள் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு சட்டைகளையும் மழை நனைத்துவிட்டது. ‘தொங்கப்போட்டுத்தான் காய வைக்கணும்’ என்று அர்ஃபான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அவளோ அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் லாண்ட்ரி கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், ட்ரையரில் நல்ல சூட்டில் போட்டாள். பஞ்சு போல வெளியே வந்த சட்டைகளை மடிக்கும்போது தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். முப்பது வருஷமாகத் துணி துவைப்பவளுக்குப் பருத்தி சுருங்கும் என்று தெரியாதா? தெரியும். அன்றைக்குப் பார்த்து அது நினைவுக்கு வரவில்லை.

“எவ்வளவுடா குறைஞ்சுது? …ரெண்டு விரக்கடையா? அதுக்குப் போயா… சரி. சரி. ரூல்ஸ். அப்ப எதைப் போட்டுக்கிட்டு இறங்குனா? …மலேசியாப் புள்ள குடுத்துச்சா. …பெருசா. …தொளதொளன்னு தொங்குன அந்தக் கையைப் புடிச்சே எதிர்ல நின்னவ தூக்கிப் போட்டுட்டாளா…”

“நீ என்னடா பண்ணிக்கிட்டிருந்த? பக்கத்து நாற்காலியில நீதானே உக்காந்திருப்ப, கத்திச் சொல்ல வேண்டியதுதானே? …என்ன? …உன்னை ஏன் எழுப்பி விடணும்?”

சட்டை அளவு தவறினால் பயிற்சியாளருக்கும் தண்டனையாம். அன்று முழுக்க அந்த நாற்காலியில் அவர் உட்காரக் கூடாது. முழங்கால் போகாமல் இருந்திருந்தால் இதே போட்டியில் ஆண்கள் பிரிவில் இறங்கியிருக்க வேண்டியவன் அர்ஃபான். கால் போன பிறகு, இரண்டு வருஷமாக ஆசையெல்லாம் தங்கை மேல் வைத்து, அவள் பக்கத்தில் உட்காரும் அந்த ஒரு நாற்காலிக்காகவே ஓடிக்கொண்டிருந்தான். அது காலியாகக் கிடக்க, யாரோ ஒருத்தியின் சட்டையில் தமன்னா தனியாக நின்று தோற்றிருக்கிறாள்.

“அர்ஃபான்… அந்தச் சட்டையை நான்தான்… உனக்குத் தெரியுமா? …பார்த்தவுடனே தெரிஞ்சிருச்சா? …அவகிட்ட என்ன சொன்ன? …நீயே ட்ரையர்ல போட்டதாச் சொன்னியா? ஏன்டா அப்படிச் சொன்ன?”

“…ம். …உன்கிட்ட பேசவே மாட்டேங்கிறாளா? இனிமே நீ கோச்சே வேணாம்னா சொன்னா? …இல்லடா. அப்படி விட முடியாது. …நான் எதுக்குடா தப்பிக்கணும்? …நீ சும்மா இரு லா. ஃபோனை அவகிட்ட குடு. …குடுடா.”

பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மகன் தன் தலையில் போட்டுக்கொண்டதை அவனே சுமந்துகொள்வான். அந்த நினைப்பு ஒரு கணம் வந்து போனதும் உண்மைதான்.

“தமன்னா… சாப்பிட்டியாம்மா?”

இதைக் கேட்கவா ஃபோனைக் கொடுக்கச் சொன்னாள்?

“…அழுவாதம்மா. …ம். …ம். நானாவை அப்படிப் பேசாத, உன் கூடப்பொறந்தவன். …இல்லம்மா, கேளு. கேளு. …அவன் போடல. உம்மாதான் போட்டேன். …ட்ரையர்ல. …ஆமா, ரெண்டையும். …மழை பெஞ்சுச்சு, அதான்… ஆமா. சொன்னான். தொங்கப்போடத்தான் சொன்னான். நான்தான் கேக்கல.”

மறுமுனையில் அரங்கத்து ஒலிபெருக்கி மட்டும் அடுத்த ஜோடியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

“லைன்ல இருக்கியா? …எதையாச்சும் சொல்லும்மா. …நான் வரட்டுமா? டாக்சி புடிச்சு இப்பவே… சரி. …சரி, வரல. …வரலம்மா.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கேட்க இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

“ஃபோனைக் குடுத்துட்டு நானா எங்க போனான்? …படிக்கட்டுலயா? தனியாவா? …தமன்னா, இன்னிக்கு அவனை உன் பக்கத்துல உக்கார யாரும் விடல. நீயாச்சும் போய் அவன் பக்கத்துல உக்காரும்மா. என் மேல எத்தனை நாளு வேணும்னாலும் கோவமா இரு… ஹலோ? …தமன்னா? …ஹலோ?”