ரெண்டு ரெண்டாப் பாக்குறவ

...பேசக் கூடாதாம் பாப்பா! நான் பேசக் கூடாதாம்! பெத்தவ நானு, அந்த ஹாலுக்குள்ள நொழஞ்சதுலருந்து வெளிய வர்ற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதாம். "வாம்மா. பேசாத." அவ்ளோதான். போன வெச்சிட்டா. ஆஸ்பத்திரில கூட 'அமைதி காக்கவும்'னு மரியாதையா எழுதி வெச்சிருப்பான். இவ என்னமோ வாட்ச்மேனு மாதிரி... அந்த ஒயர காதுலருந்து எடேன். பாட்டுக்கு ஒரு காது போதும். ஆங். அதனாலதான் இப்பவே பேசித் தீத்துக்கிட்டு வரேன். உள்ள போயி தன்னால வந்துடக் கூடாது பாரு.

நீ எங்க, செதம்பரமா? டிக்கெட் எடுக்கறப்பவே பாத்தேன். நல்லதாப் போச்சி, கடைசி வரைக்கும் தொண. இந்தப் பைய உன் காலாண்ட வெச்சிக்கறியா? பாத்து பாத்து... முந்திரி. பண்ருட்டி முந்திரி, எல்லாம் முழுசு. வைவாவுக்கு.

வைவான்னா தெரியுமில்ல? என் பொண்ணு சத்யப்பிரியா செதம்பரத்துல ஹாஸ்டல்ல தங்கி கணக்குல பிஎச்டி பண்றா. இன்னிக்கி கடைசிப் பரிச்ச, பதினோரு மணிக்கி. அது என்னா பரிச்சையோ! கேள்வி கேக்க வெளியூர்லருந்து ஒரு புரொபசர் வருவாராம். அவருக்கு நாமளே டிபன் வெச்சி, நாமளே சால்வ போத்தி, நாமளே மத்தியானம் சாப்பாடும் போடணுமாம். சாப்பிட்டுட்டு நம்ம பொண்ணயே அவரு மடக்குவாராம். எந்த ஊரு நியாயம் இது? பிளெக்ஸு வேற. குரூப் போட்டோ வேற. கல்யாணத்துக்கு உண்டானது அத்தனையும் இருக்கு, மாப்ள ஒன்னுதான் கொறச்சல்.

...ம்ம். அந்த மாப்ள கதையத்தான் சொல்ல வரேன். இரு. அதுக்கு முன்னாடி இவ என்னா படிச்சான்னு சொன்னாதான் உனக்குப் புரியும். எனக்கே இப்பத்தான் புரிஞ்சிச்சி, ஒத வாங்குனப்புறம்.

ஒரு சேதிய எழுதி வெச்சிருக்காங்கன்னு வெச்சிக்க, கம்ப்யூட்டர்ல. அதப் படிக்கற ஊசி தடியா இருக்குதாம். ஒவ்வொரு எழுத்தா அதால படிக்க முடியாதாம், ரெண்டு ரெண்டாத்தான் படிக்குமாம். மொதல்ல ஒன்னாவதும் ரெண்டாவதும். அப்புறம் ரெண்டாவதும் மூணாவதும். அப்புறம் மூணாவதும் நாலாவதும். நான் கேட்டேன், "ஏன்டி, மெலிசா ஒரு ஊசி வாங்கிப் போட்டா முடிஞ்சிது, இதுக்கு எதுக்குடி அஞ்சு வருசம்?" அதுக்கு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டா. நியாயத்தக் கேட்டா படிச்சவங்களுக்குப் பிடிக்காது.

அப்புறம் மனசு எறங்கி, பொங்கலுக்கு வந்தப்ப காட்டுனா. தட்டுல முந்திரிய வட்டமா வெச்சா. முழுசு, ஒடசல், முழுசு, முழுசு... ஒரு அட்டைல சின்னதா ஓட்ட போட்டா, ரெண்டு பருப்பு மட்டும் தெரியற மாதிரி. அத நகத்தி நகத்தி, "என்னா தெரியுதுன்னு சொல்லும்மா"ன்றா. கண்ணாடி போடாம பாத்தேன், அங்கங்க தப்பாச் சொன்னேன். எந்த எடத்துல தப்பாச் சொன்னேன்னு தட்டப் பாக்காமயே சொல்றா பாப்பா! எப்பிடின்னா, ஒவ்வொரு பருப்பும் ரெண்டு தடவ கண்ணுல படுதுல்ல, இந்தப் பக்கத்துப் பருப்போட ஒரு தடவ, அந்தப் பக்கத்துப் பருப்போட ஒரு தடவ. ஒரு தடவ முழுசுன்னு சொல்லிட்டு அடுத்த தடவ அதையே ஒடசல்னு சொன்னா மாட்டிக்கிட்டோம். பருப்பு மாறாதாம், பாத்த கண்ணுதான் தப்பாம். எந்த வரிசைல அடுக்குனா எத்தன தப்பு வந்தாலும் அசலக் கண்டுபுடிக்கலாம்ங்கறதுதான் இவ கணக்கு.

சும்மா இருக்காம நான் கேட்டேன், "எல்லாத்தையும் தப்பாவே சொன்னா என்னாடி பண்ணுவ?"ன்னு. அதுக்குச் சொன்னா, "அளவுக்கு மேல தப்பு வந்துடுச்சின்னா, திருத்தறதே தப்பாத் திருத்திடும்மா. நல்லா இருந்ததையும் சேத்துக் கெடுத்து வெச்சிட்டு, சரியாத் திருத்திட்டோம்னு நெனச்சிக்கும்." ஆஹா, நல்ல மிஷினு, உங்க அப்பா மாதிரின்னேன். அவரு டீவி பாத்துக்கிட்டிருந்தாரு. அவரு காதுல எது விழுந்திச்சி, இது விழ.

எங்க வந்துட்டோம், ஆலப்பாக்கமா? இந்த டிரைவரு இன்னிக்கித்தான் இப்பிடிப் பறக்கறான். மத்த நாள்ல மாட்டு வண்டிக்கு வழி விட்டுட்டு வருவான்.

சரி, மாப்ள. பேரு இளவரசு, பண்ருட்டி. முந்திரி யாவாரம் பண்ற குடும்பம், பையன் மெட்ராஸ்ல என்ஜினியரு. எங்க வூட்டுக்காரரு தங்கச்சி கொளஞ்சி இருக்கா, அவ கொண்டாந்த எடம். நாத்தனாருங்க கொண்டாந்து ஒரு எடம் நல்லதா இருந்து நீ கேள்விப்பட்டிருக்கியா? இது நல்லதா இருந்திச்சி பாப்பா. அதான் எனக்கே சந்தேகம். ரெண்டு தடவ போயிப் பாத்துட்டு வந்தேன், ஒரு கொறையும் கண்டுபுடிக்க முடியல. அந்தப் பையனோட அம்மா மலர்க்கொடி, ஒரு நெறகொடம். அதிர்ந்து பேச மாட்டாங்க. நமக்கு அது எப்பிடி வருதுன்னே தெரியல.

எல்லாம் கூடி வர்ற நேரத்துல இவ வந்து சொல்றா, சிங்கப்பூர்ல ரெண்டு வருசம் மேல படிக்கக் கூப்புட்டிருக்காங்கன்னு. பிஎச்டிக்கு மேல என்னாடி படிப்பு? கெணறு வெட்டி முடிச்சப்புறம் கீழ என்னா இருக்குன்னு பாக்கப் போறேன்ற மாதிரி. பண்ருட்டின்னா ஒரு பஸ்ஸு ஏறுனா போயி நின்னுடுவேன். சிங்கப்பூருக்கு எந்த பஸ்ஸு போவுது, நீயே சொல்லு? ஒத்தப் பொண்ணு பாப்பா. போனவ எவ திரும்பி வந்தா? எங்க தெருவுல ஸ்ரீமதின்னு ஒருத்தி போனா, இப்ப அவ அம்மா பேத்தியப் போன்லதான் கொஞ்சுது. கண்ணாடிக்கு முத்தம் குடுக்குது.

அதனால... பெருசா ஒன்னும் இல்ல. சின்னச் சின்னதா சொன்னேன். பையன் வூட்ல, "எங்க பொண்ணு இதோட நிறுத்திக்கும்ங்க, பக்கத்துல ஏதாச்சும் காலேஜ்ல வேலைக்குப் போவும், எங்கயும் போவாது"ன்னு சொன்னேன். பொண்ணுகிட்ட, "அவுங்களுக்கு நீ சிங்கப்பூர் போறதுல முழு சம்மதம்டி, நிச்சயத்த மட்டும் முடிச்சிடலாம்"னு சொன்னேன். எங்க வூட்டுக்காரருகிட்ட, "அவளே சிங்கப்பூர் வேணாம்னுட்டா"ன்னு சொன்னேன். கொளஞ்சிகிட்ட, "உங்க அண்ணன் தேதி குறிக்கச் சொல்லிட்டாரு"ன்னு சொன்னேன். எல்லாம் நல்லதுக்குத்தான? நிச்சயம் முடிஞ்சிட்டா தன்னால எல்லாம் ஒரு எடத்துல வந்து நின்னுடும். என்னாத்துக்கு அப்பிடிப் பாக்குற? நீ உங்க அம்மாவக் கேட்டுப் பாரு. உன் விசயத்துல எவ்ளோ சொல்லியிருப்பாங்கன்னு தெரியும்.

இவ என்னா பண்ணா தெரியுமா? போன ஞாயித்துக்கெழம ஹாஸ்டல்ல உக்காந்துகிட்டு எங்க குடும்பத்தையே முந்திரியா வட்டமா அடுக்கிட்டா. அப்பாவுக்குப் போன் போட்டு, "அம்மா என்னா சொன்னாங்க, அத்த என்னா சொன்னாங்க?" அத்தைக்குப் போன் போட்டு, "அப்பா என்னா சொன்னாரு, பையன் வூட்ல என்னா சொன்னாங்க?" அந்தப் பையனுக்கே போன் போட்டு, "எங்க அத்த என்னா சொன்னாங்க, எங்க அம்மா என்னா சொன்னாங்க?" ரெண்டு ரெண்டா! அட்டையில ஓட்டையப் போட்டுக்கிட்டு! கவர்மென்ட்டு செலவுல அஞ்சு வருசம் படிச்சிட்டு, கடைசில அவ கண்டுபுடிச்சது யாரன்னா, என்னையத்தான்! மத்த எல்லாரும் சொல்றது ஒருத்தருக்கு ஒருத்தரு ஒத்துப் போவுதாம். 'அம்மா சொன்னாங்க'ன்னு வர்ற எடத்துல மட்டும்தான் ஒதைக்குதாம். உலகத்துல எவ்ளோ தப்பு இருக்கு, அதெல்லாம் வுட்டுட்டு...

அன்னிக்கி சாயந்தரம் எனக்குப் போன் பண்ணா. கத்துனான்னாகூட நானும் நாலு கத்து கத்தியிருப்பேன். கத்தல. அதத்தான் சொன்னேனே மொதல்லயே, "வாம்மா. பேசாத." அதுக்கப்புறம் நானா அடிச்சா எடுக்கல. எனக்கு சோறு எறங்கல பாப்பா, பொய் சொல்லல. இது பொய் இல்ல.

தோ, புதுச்சத்திரம். முந்திரி ரெண்டு எடுத்துக்க. அட எடுத்துக்கம்மா, புரொபசருக்கு ரெண்டு கொறஞ்சா கேள்வி ஒன்னும் ஜாஸ்தியாவாது.

ஆனா நானும் சும்மா இல்ல. ராவெல்லாம் யோசன பண்ணேன். நான் சொன்ன பொய்யால அவளுக்கு இந்த எடமே கசந்து போயிருக்கும், வேணாம்னு சொல்லத் தெரியாம முழிக்கறான்னு தோணிச்சி. கெடுத்தவ நானே திருத்திடலாம்னு, காலையில பஸ்ஸு ஏறுறதுக்கு முன்னாடி, மலர்க்கொடி அம்மாவுக்குப் போன் போட்டுட்டேன். "அம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க, எங்க பொண்ணுக்கு இதுல இஷ்டம் இல்ல, அவளே சொல்லிட்டா, நீங்க வேற எடம் பாத்துக்குங்க"ன்னு நறுக்குன்னு சொல்லிட்டேன். அவுங்க பதில் சொல்றதுக்குள்ள போன வெச்சிட்டேன். நல்ல எடம். என் கையாலயே முடிச்சி வெச்சேன், பொண்ணுக்காக. வைவா முடிஞ்சதும் அவகிட்ட சொல்லலாம்னு இருக்கேன். சந்தோசப்படுவா. எங்க அம்மா ஒரு தப்பத் திருத்திட்டாங்கன்னு...

இரு, போன் அடிக்குது. அவதான்! பாத்தியா, அவளே பண்றா!

ஹலோ... ஆங், வந்துகிட்டே இருக்கேன்டி. முட்லூர் வரப் போவுது... முந்திரி இருக்கு, சால்வ இருக்கு... அப்பா மொத பஸ்ஸுலயே வந்துட்டாரா, சரி... யாரு? யாரு வந்திருக்காங்க? ...எந்த மலர்க்கொடி? ...நீயா கூப்புட்ட? ...எப்ப பேசுனீங்க? ...ஞாயித்துக்கெழம ராத்திரியேவா? ...ரெண்டு வருசம்தான, போயிட்டு வான்னு அந்தப் பையனே சொல்லிட்டானா? ...உனக்கும் புடிச்சிருக்கா? ...ஏன்டி எனக்குச் சொல்லல? ...ஆமா, நான்தான் பேசக் கூடாதே... ஹலோ? ஹலோ? இங்க டவரு இல்லடி, கேக்கல, ஹலோ...

வெச்சிட்டேன்.

பாப்பா. ஐயோ பாப்பா. ரெண்டும் தானே பேசி தானே ஒத்துப் போயிருக்குங்க. பையனும் அம்மாவும் கார்ல வந்து ஹாலுக்கு வெளிய நிக்கறாங்களாம். நான் காலையில போன் போட்டு... நல்லா இருந்ததப் போயி திருத்தி வெச்சிருக்கேனே! அந்த அம்மா இன்னும் வாயத் தொறக்கல போலருக்கு. தொறந்தா... இவ என்னோட மொகத்துலயே முழிக்க மாட்டா. சிங்கப்பூரு கூட வேணாம், செதம்பரத்துலருந்தே வராம இருந்துடுவா.

இத பாரு, நீ ஒரு ஒதவி பண்ணு. உன் குரலு நல்லா இருக்கு, படிச்ச புள்ள மாதிரி. நான் நம்பரு போட்டுத் தரேன். "இந்தப் போனு காலையில பஸ் ஸ்டாண்டுல கெடந்திச்சி, எவளோ எடுத்துக் கண்டதையும் பேசிட்டா"ன்னு மட்டும் சொல்லு. ஒரே ஒரு வார்த்த. என்னா, எந்திரிக்கற? கால எடுக்கணுமா? இது முட்லூர்தான, பரங்கிப்பேட்ட போறவங்க எறங்குற எடம். நீ செதம்பரத்துக்குல்ல டிக்கெட் எடுத்த? பாப்பா! ஏ பாப்பா! காதுல ஒயர மாட்டிக்கிட்டுப் போவுது பாரு... ம்ஹூம். நல்லா இருக்கட்டும். முந்திரிய மட்டும் தின்னுச்சி.

...அடிக்குது. மலர்க்கொடி அம்மா.

ஹலோ... சொல்லுங்கம்மா. நல்லா இருக்கீங்களா? ...அது வந்து, காலையில என்னா ஆச்சின்னா, என் போனு பஸ் ஸ்டாண்டுல கீழ விழுந்து, எவளோ ஒருத்தி... என்னாது? சத்யா உங்க பக்கத்துலயா? ...ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா? ...ரெண்டு பேரும் சேந்தா கேக்கறீங்க?

...

இல்லம்மா. போனு எங்கயும் விழல. நான்தான் பேசுனேன். காலையில பேசுனதும் நான்தான், அதுக்கு முன்னாடி சொன்னதெல்லாமும் நான்தான். ...பயம்தாங்க. வேற என்னா. போயிட்டா திரும்பி வர மாட்டான்னு பயம். ...ஓ. அப்பிடியா. பையன் ஒன்னு சொன்னான், சத்யா அதையே சொன்னா, நான் மட்டும் வேற சொன்னேன்... அதனால என்னோடத கழிச்சிட்டுக் கெளம்பி வந்துட்டீங்களா. ...நல்லதும்மா. ரொம்ப நல்லது. என் பேச்சக் கழிச்சாத்தான் என் குடும்பம் உருப்படும்னு எங்க நாத்தனாரு எப்பவோ சொன்னா.

சத்யா... இல்லடி, அழுவல. ஜன்னல் தொறந்திருக்கு, தூசி. ...சரி, அழுவறேன், போதுமா? ...பேசலாமா? சாப்பாட்டு நேரத்துல மட்டுமா? ம்ம். ...உள்ள எங்க உக்காரணும்? நடுவுலயா? இந்தப் பக்கம் மலர்க்கொடி அம்மா, அந்தப் பக்கம் உங்க அப்பாவா? ஏன்டி, ரெண்டு பக்கமும் ஆளப் போட்டு, முந்திரி மாதிரி என்னையப் படிக்கப் போறீங்களா!

...சரிடி. வரேன். படிச்சிக்குங்க.