நான்காவது மீட்டரில் நிற்கும் பட்டாணி

மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, உடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் எங்கள் டீச்சரின் கணவர் தையற்கலைஞர் ஐயா அவர்களே, இந்த நேரத்தில் மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய இரண்டாம் வகுப்புக் குழந்தைகளே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் கணக்கு வாத்தியார். எனக்கு மேடையில் பேச வராது. "நீங்கதான் பக்கத்து வகுப்பு, நீங்க பேசினாத்தான் பொருத்தமா இருக்கும்" என்று தலைமையாசிரியை அம்மா சொல்லிவிட்டார். பக்கத்து வகுப்புதான், மறுக்கவில்லை. அந்த வகுப்பின் சத்தம் தாங்காமல் மூன்று முறை எழுத்துமூலம் புகார் கொடுத்தவனும் நான்தான். இந்த வாரம் முழுக்க அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. எனக்குத்தான் பாடம் நடத்த முடியவில்லை.

பட்டாணி டீச்சர்! இந்தப் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள்? எந்தச் சங்கம் கொடுத்தது? எந்த அரசு கொடுத்தது? முப்பத்து நான்கு குழந்தைகள் கொடுத்தார்கள். அதை வாங்க அவர் என்ன பாடுபட்டார் என்று எனக்குத் தெரியும்.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்று ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? நானாக இருந்தால் படம் வரைந்து பாகங்களைக் குறித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் வேகவைத்த பட்டாணி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் குண்டுப் பயல் இன்னைக்கு ஊர் சுத்தக் கிளம்புறான். எல்லாரும் டாட்டா சொல்லுங்க" என்றார். வாயில் போட்டு விழுங்கினார். "பாத்தீங்களா, பல்லுக்காரங்க கண்ணுல மண்ணைத் தூவிட்டு உள்ள போயிட்டான்!" பிள்ளைகள் போட்ட கூச்சலில் என் வகுப்பில் வாய்ப்பாடு ஏழாம் வரியோடு நின்றுபோனது.

அதற்குப் பிறகுதான் அந்தக் குடல் வந்தது. ஐயா அவர்கள் இளஞ்சிவப்பு லைனிங் துணியில் சிறுகுடல் அளவாக ஆறு மீட்டர் நீளத்துக்குக் குழாய் தைத்துக் கொடுத்தார். கதவோரம் தொடங்கி ஜன்னல்களுக்குக் கீழே அலமாரி வரைக்கும் அதை ஆணியடித்து மாட்டினார்கள். உள்ளே பச்சைத் துணியில் ஓர் உருண்டை. டீச்சர் தினமும் சொல்லும் கதையில் அன்றைக்குப் பட்டாணிக்கு என்ன நேர்ந்ததோ, அதைச் சொல்லி முடித்ததும் பிள்ளைகள் குழாயைப் பிதுக்கி உருண்டையை ஒரு சாண் நகர்த்துவார்கள். "பின்னால இருந்துதான் பிதுக்கணும், முன்னால இருந்து யாரும் இழுக்கக் கூடாது, குடல் அப்படித்தான் வேலை செய்யுது" என்பார். மூன்று வாரத்தில் பதினைந்து சாண். வெள்ளிக்கிழமை மணியடித்தபோது பட்டாணி நான்காவது மீட்டரில் நின்றது. சனிக்கிழமை காலை டீச்சருக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. மாலைக்குள் போய்விட்டார்.

புதன்கிழமை அந்த வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். அன்பர்களே, நான் என்ன செய்வேன்? எனக்குக் கதை வராது. உருண்டையையாவது ஒரு சாண் தள்ளிவைப்போம் என்று குழாயைப் பிடித்தேன். பிடித்த பக்கம் தப்பு! பட்டாணி பின்னால் போய்விட்டது. "சார்! டீச்சருக்கு வாந்தி வரும் சார்!" என்று அத்தனை பேரும் கத்தினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்ததும் அது நின்றுபோயிற்று.

முன்பல் விழுந்த ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்: "சார், டீச்சர் செத்துட்டாங்கல்ல. உள்ள பட்டாணி தனியா இருக்குமா? அதுக்கு வெளிய வர வழி தெரியுமா?"

நான் கணக்கு வாத்தியார் அல்லவா! கணக்காகவே பதில் சொன்னேன். "நிஜப் பட்டாணி ரெண்டு மூணு நாள்லயே வெளிய போயிருக்கும்மா. மூணு வாரமெல்லாம் உள்ள இருக்காது" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப டீச்சர் எங்ககிட்ட பொய் சொன்னாங்களா சார்?"

இருபத்திரண்டு ஆண்டுகளில் சரியான விடையைச் சொல்லிவிட்டு நான் தோற்றுப்போனது அன்றுதான். அவர் இருந்திருந்தால் ஒரு நொடியில் சமாளித்திருப்பார். அவரை எங்கே போய்க் கேட்பேன்? மூன்று முறை புகார் எழுதத் தெரிந்த எனக்கு, ஒருமுறை அந்த வகுப்புக்குள் போய்க் கடைசி பெஞ்சில் உட்காரத் தோன்றவில்லையே!

இன்று காலை ஐயாவின் கடைக்குப் போனேன். கதை எப்படி முடியும் என்று உங்களிடமாவது சொன்னாரா என்று கேட்டேன். தையல் மிஷினை நிறுத்தாமலே சொன்னார்: "எங்கிட்ட கதையெல்லாம் சொல்ல மாட்டா சார். பெருங்குடல் இன்னும் தைக்கல. துணி வாங்கி வெச்சிருக்கேன். அளவு அப்புறம் சொல்றேன்னா." அப்போதுதான் பார்த்தேன், மிஷினில் துணியே இல்லை. வெறும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியோர்களே, அவர் விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்வோம் என்று சூளுரைக்கத்தான் என்னை மேடை ஏற்றியிருக்கிறீர்கள். விட்ட இடம் எது என்று எனக்குத் தெரியும். இரண்டாவது ஜன்னலுக்குக் கீழே, நான் தப்பாகப் பிதுக்கியதால் ஒரு சாண் பின்தங்கி நிற்கிறது. அங்கிருந்து கதை எப்படிப் போகும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. குழந்தைகளே, உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் திங்கட்கிழமை முதல் மணியில் எனக்குச் சொல்லுங்கள். நான் பின்னாலிருந்து மட்டும் பிதுக்குகிறேன். முன்னாலிருந்து இழுக்க மாட்டேன், இது உறுதி.

ஐயா, உங்களிடம் ஒரே ஒரு வார்த்தை. கதை எனக்குத் தெரியாது, அளவு தெரியும். பெருங்குடல் ஒன்றரை மீட்டர். அகலம் மட்டும் கொஞ்சம் கூட்டி வையுங்கள். தைத்துக் கொடுங்கள் ஐயா, பட்டாணி வெளியே வரவேண்டும்.