சிவப்புக் கோடு வரை நிற்கட்டும் தண்ணீர்

அவையோரே, உங்கள் தெருவில் பெய்கிற மழையை நீங்கள் எங்கே வைத்துக்கொள்கிறீர்கள்?

மூன்று வருடத்துக்கு முன் நங்கூரச் சதுக்கத்து மக்கள் முன்னால் இந்தக் கேள்வியோடு போய் நின்றவரைத்தான் இன்று வழியனுப்பக் கூடியிருக்கிறோம். அன்று முன்வரிசையிலிருந்து ஒரு பதில் வந்தது. சொன்னவர் கெர்பன், கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நம் ஊரின் இறைப்பு நிலையத்தில் ஆயுள் முழுக்கத் தண்ணீர் இறைத்து ஓய்வு பெற்றவர்.

“எங்கயும் வச்சுக்க மாட்டோம்மா. வந்த வேகத்துல வெளிய தள்ளிருவோம். அதுக்குத்தானே எனக்கு இத்தன வருசம் சம்பளம் குடுத்தாங்க?”

கூட்டம் சிரித்தது. கேள்வி கேட்ட நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் உட்காரவில்லை.

உட்காராத உழைப்பே! எங்கள் ரின்ஸ்கே போஸ்மா அம்மையாரே!

கல்லுக்கடியில் கிடந்த மண்ணைக் கண்டெடுத்தவரே! மண்ணுக்குள் மழையைக் குடிவைக்க மன்றாடியவரே! அலுவலக நாற்காலிக்கு அன்றாடம் ஏமாற்றம் தந்தவரே! முப்பத்தொரு வருடம் இந்த நகராட்சியின் பூங்காப் பிரிவில் உங்களோடு வேலை பார்த்தோம். நீங்கள் காப்பியை உட்கார்ந்து குடித்து எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை. வெயில் அடித்தால் செடி வாடுகிறதே என்று நடந்தீர்கள். மழை பெய்தால் அது எங்கே ஓடுகிறது என்று பின்னாலேயே ஓடினீர்கள். மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தீர்கள். கூட்டம் முடியுமுன் மண்வெட்டியோடு கிளம்பினீர்கள். ஆனால் ஊர்விட்டு ஊர் வந்து வேலைக்குச் சேர்ந்தவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தனியாக விட்டதில்லை. “சும்மாதான இருக்க? வா, வாய்க்கால் பாத்துட்டு வரலாம்” என்று வாசலில் மணியடிப்பீர்கள். அப்படி உங்களோடு வாய்க்கால் பார்க்கப் போனவர்களில் சிலர்தான் இந்த மடலில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

கல் பெயர்த்த கரமே!

நங்கூரச் சதுக்கம் அப்போது கார் நிறுத்துமிடம். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை கல் பாவியிருந்தது. பெருமழை வந்தால் தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது. சாக்கடை நிறைந்து, மூலையில் இருக்கும் நஜாத்தின் ரொட்டிக்கடை நிலவறையில் எதிர்த்து ஏறும். மாவு மூட்டைகள் நனையும். “அக்கா, இன்னொரு தடவ ஏறுச்சுன்னா கடையப் பூட்டிட்டு எங்க அண்ணன் ஊருக்குப் போயிருவேன்” என்று நஜாத் உங்களிடம் சொன்ன அன்றுதான் இந்த வேலை உங்களைப் பிடித்துக்கொண்டது.

வீடு வீடாக ஏறி இறங்கினீர்கள். ஒரு சனிக்கிழமை தெரு முழுக்கக் கடப்பாரையோடு வந்து கல்லைப் பெயர்த்தது. தோண்டி, நடுவைப் பள்ளமாக்கி, ஈரம் தாங்கும் வில்லோ, ஆல்டர் மரங்களும் மஞ்சள் ஐரிஸ் பூச்செடிகளும் நட்டு, சுற்றிலும் மரப்பலகை இருக்கைகள் போட்டீர்கள். மழை வந்தால் பள்ளம் அதைப் பிடித்துவைக்கும், மண் மெல்லக் குடிக்கும், சாக்கடைக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும், நஜாத்தின் நிலவறை தப்பும் என்பது உங்கள் கணக்கு.

மழைதான் வரவில்லை. அந்தக் கோடை முழுக்கப் பள்ளம் வெடித்துக் கிடந்தது. காரை நிறுத்த மூன்று தெரு சுற்றியவர்கள் அதற்கு ரின்ஸ்கே குழி என்று பெயர் வைத்தார்கள். யாரோ ஒரு அட்டையில், ‘குளத்தைக் காணவில்லை, கண்டவர்கள் நகராட்சிக்குத் தெரிவிக்கவும்’ என்று எழுதி நட்டுவைத்தார்கள். நீங்கள் அட்டையைப் பிடுங்கவில்லை. அதன் பின்பக்கம் ‘வரும்’ என்று எழுதித் திருப்பி நட்டீர்கள். எழுதிவிட்டு அன்று சாயங்காலம் வரைக்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டு அலைந்தீர்கள்.

இலையுதிர்காலத்தில் ஒரு ஞாயிறு, வந்தது. அன்று பார்த்து நீங்கள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தீர்கள். பேருந்து பிடித்து ஓடிவந்தபோது மழை விட்டிருந்தது. சதுக்கத்தில் ஒரே கொண்டாட்டம். பள்ளத்தைச் சுற்றி வீட்டுக்கொரு பம்புசெட், நடுவில் கெர்பனின் பெரிய மோட்டார். ஆள் ஆளுக்குக் கையில் சூப்புக் கோப்பை.

“வாம்மா ரின்ஸ்கே! உன் தோட்டம் முழுகப் பாத்துச்சு. ஒரு சொட்டு விடாம இறைச்சுக் காப்பாத்திட்டோம்” என்றார் கெர்பன். மேலெல்லாம் சேறு, முகமெல்லாம் சிரிப்பு.

“எங்க இறைச்சீங்க?”

“எங்க இறைப்பாங்க? சாக்கடையிலதான்.”

ஏற்கெனவே நிரம்பி நின்ற சாக்கடையில்! நஜாத்தின் நிலவறையில் அந்நேரம் முழங்கால் தண்ணீர். இந்த மண்ணில் பிறந்தவர்கள் தேங்கிய தண்ணீரைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டார்கள் என்பதை உங்கள் வரைபடம் கணக்கில் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. நீங்கள் யாரையும் ஏசவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கினீர்கள். கொஞ்ச நேரத்தில் கெர்பனும் இறங்கினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

நகரமன்றம் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தது. அடுத்த பெருமழையிலும் நிலவறை நனைந்தால், பள்ளத்தை மூடிப் பழையபடி கல் பாவ வேண்டும். பெயர்த்த கற்கள் நம் கிடங்குக்குப் பின்னால் இன்னும் அடுக்கியபடியேதான் இருக்கின்றன. நஜாத்தும் அந்த மழைக்குத்தான் காத்திருக்கிறார், இருப்பதா போவதா என்று முடிவெடுக்க.

பிடிவாதத்தின் பெருமகளே!

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் கெர்பன் வீட்டுக் கதவைத் தட்டினீர்கள். அவரும் வாரம் தவறாமல் ஒரே பதிலைச் சொன்னார்: “தண்ணி நிக்கிறதப் பாத்துக்கிட்டு என்னால உக்கார முடியாதும்மா. சின்ன வயசுல வெள்ளம் வந்தப்ப எங்க அப்பா என்னைய மேசை மேல ஏத்தி நிறுத்துனாரு. மேசையும் மிதந்துச்சு. அது உனக்குப் புரியாது.”

“புரியல. ஆனா எனக்கும் உக்கார முடியாது. அதனாலதான் உங்ககிட்ட வர்றேன்” என்றீர்கள்.

பிறகு ஒருநாள் பள்ளத்தின் நடுவில் ஒரு கம்பத்தை நட்டு, இடுப்பளவில் சிவப்புக் கோடு போட்டீர்கள். கோட்டைக் கெர்பன் கையாலேயே போடவைத்தீர்கள். “கோடு வரைக்கும் தண்ணி என்னுது. கோட்டத் தாண்டுனா உங்களுது. அப்ப மோட்டாரப் போடுங்க, வாய்க்கால் வரைக்கும் நானே குழாயத் தூக்கிட்டு வர்றேன்.”

கெர்பன் இரண்டடி தள்ளி நின்று தான் போட்ட கோட்டைப் பார்த்தார். “கோடு கொஞ்சம் ஒசரமா இருக்கே.”

“நீங்கதான போட்டீங்க?”

“அதான் சொல்றேன், கை நடுங்கிருச்சு” என்றார். ஆனாலும் அழிக்கவில்லை.

ஓய்வு பெறும் ஓய்வின்மையே!

இந்த மடலை எழுதும்போதே வானிலைச் செய்தி பார்த்தோம். இன்று சாயங்காலம் தொடங்கி விடிகிற வரை கனமழை. இத்தனை காலம் காத்திருந்த சோதனை, உங்கள் கடைசி வேலைநாளைத் தேர்ந்தெடுத்து வருகிறது. ஆகையால், இதை வாசிக்கிற இந்த நேரத்தில் நீங்கள் எங்களைப் பார்க்கவில்லை, சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். பூங்கொத்துக்கும் பாலாடைக்கட்டிக்கும் கீழே மழைக்கோட்டை ஒளித்து வைத்திருப்பதும் தெரியும். கெர்பனையும் அழைத்திருந்தோம். “இன்னைக்கு வர முடியாது, மோட்டார் பக்கத்துல இருக்கணும்” என்று சொல்லியனுப்பிவிட்டார். எதற்காக இருக்கணும் என்று சொல்லவில்லை. உங்களைப் போலவே எங்களுக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

என்ன நடந்தாலும் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறோம். கல் திரும்ப வந்தாலும், கல்லுக்கடியில் மண் இருக்கிறது என்பதை இந்த ஊருக்குக் காட்டியவர் நீங்கள். நாளை முதல் உங்கள் மேசையில் வேறொருவர் உட்காரலாம். உங்களைப் போல் அதை விட்டு எழுந்து போக அவருக்கு நாங்கள் சொல்லித்தருவோம்.

முழங்கால் வலியின்றி, மூச்சு வாங்காமல், எல்லா வாய்க்காலையும் சுற்றிவரும் நெடுநாள் உங்களுக்கு அமையட்டும்! ஒரு கோப்பைக் காப்பியையாவது ஆறுவதற்குள், உட்கார்ந்து, குடித்து முடிக்கும் காலை ஒன்று உங்களுக்கு விடியட்டும்!

இப்படிக்கு,
உங்கள் பின்னால் ஓடிக் களைத்த
நகராட்சிப் பூங்காப் பிரிவு ஊழியர்கள்

(மடலைக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுக்கும் முன் கீழே சேர்த்தது)

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. பள்ளத்தில் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. கெர்பனின் மோட்டார் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. அவர் அதன் மேல் உட்கார்ந்திருந்தார். மோட்டாருக்கான பெட்ரோல் கேன் ரொட்டிக்கடையில் இருந்தது. முந்தின சாயங்காலமே அவராகக் கொண்டுவந்து கொடுத்து, “கேட்டாலும் தராத” என்று சொல்லிவிட்டுப் போனதாக நஜாத் சொன்னார். இரவில் இரண்டு தடவை வந்து கேட்டாராம், நஜாத் கொடுக்கவில்லை. ரின்ஸ்கே அம்மையார் ரப்பர் பூட்ஸோடு வந்து கெர்பன் பக்கத்தில் நின்றார். நிலவறை உலர்ந்திருந்தது. நஜாத் வழக்கமான நேரத்துக்கு அடுப்பைப் பற்றவைத்தார்.