ஷட்டருக்கு அடியில் ஒரு விரல் சந்து

மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. கடைசி பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு அவர் நடந்து வருகிறார். தெருவில் ஈ காக்காய் இல்லை. வீட்டை நெருங்கும்போது காதில் விழுந்தது. கீச்... கீச்... இழுப்பு.

அவர் யார் என்று சொல்லவில்லையே! நம் தெரு எலெக்ட்ரீஷியன் இருக்கிறானே, அவன் தங்கையின் கணவர், பஸ் டிரைவர். ஆறு வயதில் ஒரே மகள். பிறந்ததிலிருந்தே இளைப்பு. வாடகைக்கு இருந்தது ஒரு கார் ஷெட். பின்னால் சமையல் மூலை, போக வர ஒரு சின்னக் கதவு. முன்பக்கம் முழுக்க இரும்பு ஷட்டர், அதற்கடியில் விரல் நுழையும் சந்து. சிரிக்காதீர்கள், எல்லோருக்கும் மாடி வீடு கிடைத்துவிடுமா?

இழுப்புச் சத்தம் அந்தச் சந்திலிருந்துதான் வந்தது. சுற்றிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"பிள்ளைக்கு இழுக்குதே, கேக்கலையா?"

"தெனமும் கேக்குதுங்க. எழுந்து பாத்தா நல்லாத் தூங்குறா. நான் என்ன பண்றது?" என்று மனைவி அழுதாள்.

இந்தக் குளிரில் இன்னொரு முறை இழுத்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாளே இவர் லீவு போட்டார். மச்சானைக் கூப்பிட்டார்.

இனி ஷட்டரைத் தூக்கப் போவதில்லை. இரண்டு ஓரமும் பிரஷ் பட்டை, தரையோடு ரப்பர் பட்டை, அதன்மேல் சிலிக்கான் பசை. புளித்த வாடை மூக்கைத் துளைத்தது. எங்கே காற்று கசிகிறது என்று பார்க்க மெழுகுவர்த்தியை ஓரமாக நகர்த்தினார்கள். கசிந்த இடத்திலெல்லாம் சுடர் உள்பக்கம் சாய்ந்தது. மகளின் கட்டிலருகே, கீழ் மூலையில் மட்டும்... உள்ளே சாய்ந்தது. வெளியே சாய்ந்தது. மறுபடி உள்ளே.

"காத்துன்னா ஒரு பக்கம் அடிக்கும். இது என்ன மச்சான், மூச்சு விடுற மாதிரி?" என்றான் எலெக்ட்ரீஷியன்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க. டியூப்ப குடுங்க."

அந்த மூலையில் மட்டும் இரண்டு மடங்கு அப்பி, கட்டைவிரலால் அழுத்தி மூடினார்.

ராத்திரி மகளுக்குக் கம்பளிக் கையுறை போட்டு, கழற்றிவிடுவாள் என்று மணிக்கட்டில் முடிச்சும் போட்டாள் அம்மா. விளக்கு அணைந்தது. பொட்டுக் காற்று இல்லை. அப்பாடா என்று அவர் கண்ணை மூடினார்.

கீச்... கீச்...

பதறி மகளின் நெஞ்சில் கை வைத்தார். சீராக ஏறி இறங்கியது. சத்தம் அவளிடமிருந்து வரவில்லை. மூலையிலிருந்து வந்தது. வெளியே இல்லை... உள்ளே.

பிறகு இரும்புத் தகட்டில் ஒரு உரசல். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம். நிற்கும். திரும்பி வரும். மறுபடி போகும்.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல. பிள்ளைய இறுக்கிப் பிடிச்சுக்கோ."

ஸ்விட்சை எட்டிப் போட அவருக்குக் கை வரவில்லை. விடியும் வரை அது நடந்துகொண்டே இருந்தது.

வெளிச்சம் வந்ததும் குனிந்து பார்த்தார். சிலிக்கான் முழுக்க விரல் தடம். நோண்டிப் பார்த்த தடம். சில பொடி விரல்கள். சில நீளமானவை. எல்லாம் உள்பக்கம். மகளின் கையைப் பார்த்தார். கையுறை அப்படியே இருந்தது. முடிச்சும் அப்படியே.

சமையல் கத்தியை எடுத்துவந்து அந்த மூலையைக் கிழித்தார். குளிர் சுரீரென்று ஏறியது. மெழுகுவர்த்தியைப் பிடித்தார். சுடர் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது, நீளமாக, ஒரே ஒரு முறை. பிறகு நேராக நின்றது.

"போயிடுச்சு" என்றார்.

மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஷட்டரைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னதுதாம்ப்பா போச்சு..."